மன்னாக் கத்திக்குத் துணையாக எந்தச் சின்னக் கத்தி? மெல்லியதா, தடித்ததா?

கல்கிசைக்காற்று:
வணக்கம் எல்லோருக்கும். அவிசாவளைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. முன்பு றப்பர் நின்றது, இப்போது பாதி காடாகிவிட்டது. வார இறுதியில் தம்பிமாரோடு போய்ப் பற்றை வெட்டி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, சில வேளை கூடாரம் போட்டுத் தங்கி வருவோம். பழைய சோனகத் தெருவில் வாங்கிய 16 அங்குல மன்னாக் கத்தி ஒன்று இருக்கிறது. அலகு 2 மில்லிமீற்றர் தடிப்பு. பற்றைக்கு நன்றாகவே போகிறது.

அதற்குத் துணையாக ஒரு சின்னக் கத்தி வாங்க வேண்டும். கூட வரும் நண்பர் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கனத்த கத்திதான் வேண்டும், காட்டுக்குப் போகிறவனுக்கு மெல்லிய கத்தி உதவாது என்கிறார். எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. மெல்லியதை வைத்து வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தை நானா:
தம்பி, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. தடித்த சின்னக் கத்தி யாருக்கு என்று முதலில் பாருங்கள். ஒரேயொரு கத்தியோடு போகிறவருக்கு. அவர் அதே கத்தியால் விறகும் பிளக்க வேண்டும், வெங்காயமும் அரிய வேண்டும். இரண்டையும் ஒன்றில் கேட்டால் தடிப்பைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், வெங்காயத்தின் பாடு திண்டாட்டம்தான்.

உங்களிடம் மன்னாக் கத்தி இருக்கிறது. வெட்டுவது, பிளப்பது, அடித்து இறக்குவது எல்லாம் அதன் வேலை. அப்போது சின்னதுக்கு மிஞ்சுவது என்ன? சீவுவது, அரிவது, தோல் உரிப்பது, மீன் துப்புரவாக்குவது, கயிறு அறுப்பது, காலில் ஏறிய முள்ளை எடுப்பது. இதில் ஒன்றுக்குக்கூடத் தடிப்பு தேவையில்லை. எல்லாவற்றுக்குமே தடிப்பு இடைஞ்சல்தான். 5 மில்லிமீற்றர் வாங்கினால் உங்களிடம் ஒன்றரை மன்னாக் கத்தி இருக்கும், சின்னக் கத்தி இருக்காது.

நெருப்பு மூட்டுவதை வைத்துச் சொல்கிறேன். அவிசாவளை, கித்துல்கல பக்கமெல்லாம் மழைக்குப் பேர்போன இடம். நிலத்தில் கிடக்கும் விறகு எதுவும் பற்றாது. நின்றபடியே பட்டுப்போன கொப்பு ஒன்றை, மணிக்கட்டுத் தடிப்பில், பார்த்து எடுங்கள். முழங்கை நீளத்துக்குத் துண்டாக்குங்கள். துண்டை நிமிர்த்தி வைத்து, மேல்முகத்தில் மன்னாக் கத்தியை ஊன்றி, இன்னொரு தடியால் கத்தியின் முதுகில் தட்டுங்கள். நாலாகப் பிளந்துவிடும். வெளித்தோல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் உள்மூலை காய்ந்திருக்கும். அந்த உள்மூலையில்தான் சின்னக் கத்திக்கு வேலை. கத்திக் கையை முழங்காலில் முட்டுக் கொடுத்து அசையாமல் வைத்துக்கொண்டு, மரத்துண்டை உங்கள் பக்கம் இழுங்கள். மெல்லிய அலகு என்றால் சுருள் சுருளாக எழும்பி, கட்டையிலேயே தொங்கி நிற்கும். ஒரு கட்டையில் கைநிறையச் சுருள் வந்தால் ஒரு தீக்குச்சி போதும். தடித்த அலகு உள்ளே இறங்கினதும் சீவலை முறித்துத் தள்ளிவிடும். துண்டு துண்டாக நிலத்தில் விழும், விழுந்த இடத்திலேயே நனைந்தும் போகும்.

ஹட்டன்காரி:
நானா சொல்வது விளங்குகிறது. ஆனால் இரண்டு கத்தி எதற்கு என்றுதான் நான் கேட்பேன். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஒரு கவ்வாத்துக் கத்தியை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்வார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தேயிலையை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். விரல் தடிப்புக் கிளையை ஒரே இழுப்பில், சாய்வாக, பட்டை கிழியாமல் எடுக்க வேண்டும். பட்டை கிழிந்தால் அந்த வழியாக அழுகல் இறங்கும். அவ்வளவு துப்புரவான வெட்டு. இத்தனைக்கும் அது பெரிய கத்திதான். தீட்டத் தெரிந்தவர் கையில் ஒன்றே போதும்.

பஞ்சிகாவத்தை நானா:
தங்கச்சி, அந்தக் கைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். கவ்வாத்துக் கத்தி ஒரே வேலைக்குத் தீட்டிய கத்தி, நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான். கையோடு கல்லும் இருக்கும், விளிம்பு மழுங்க விடவே மாட்டார்கள். தம்பியின் கத்தி காலையில் பற்றைக்குள் கல்லில் படும், மண்ணில் படும். மத்தியானம் அதே விளிம்பால் தக்காளி அரிய முடியாது.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பெரிய கத்தியின் விளிம்பு முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. நுனிப்பக்கத்துப் பாதிதான் அடி வாங்கும், அதைக் கொஞ்சம் மழுக்கமான கோணத்தில் விடலாம். பிடிக்கு அருகே உள்ள நாலு அங்குலத்தைக் கூர்மையாகத் தீட்டி வைத்தால் தடி சீவ, கூடார முளை கூராக்க அது போதும். அப்படி வைத்திருக்கும்போது சின்னக் கத்தி இன்னும் மெல்லியதாக இருக்கலாம்.

ஹட்டன்காரி:
அது சரி. எங்கள் ஊரிலும் வீட்டுக்குள் மரக்கறிக்கு வேறு கத்திதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். :)

மலையேறி77:
நான்தான் அந்தத் தடித்த கத்திக் கட்சி. கல்கிசைக்காற்றோடு போகும் நண்பர் நான் இல்லை, ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மன்னாக் கத்தி தொலைந்தால்? ஆற்றில் போனால்? பிடி உடைந்தால்? அப்போது கையில் இருப்பது சின்னக் கத்தி மட்டும்தான். அதை நம்பி ஒரு இரவு தாங்க வேண்டுமென்றால் தடிப்பு வேண்டும்.

கொட்டாஞ்சேனை மீன்காரன்:
மலையேறி அண்ணா, எங்கே போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டுமே. அவிசாவளைக்குப் புறக்கோட்டையிலிருந்து 122 பஸ் ஓடுகிறது, களனிவெளி றெயிலும் போகிறது. நடந்தால் ஹார்ட்வெயர் கடை வரும் தூரத்தில் இருந்துகொண்டு, ஒருநாளும் நடக்காத இரவுக்காக ஒவ்வொரு நாளும் மொட்டைக் கத்தியால் சமைப்பது எதற்கு? நாங்கள் அங்கே செய்வதில் பெரும்பகுதி சாப்பாட்டு வேலை. நான் மீனோடு பிழைப்பவன். செதில் தட்டி, வயிற்றைத் திறந்து, குடலை உடையாமல் எடுக்க வேண்டுமானால் அலகு மெல்லியதாகவும் நுனி ஒடுங்கியதாகவும் இருக்க வேண்டும். தடித்த கத்தியால் பித்தப்பையைக் குத்திவிட்டால் கறி முழுக்கக் கசக்கும்.

மலையேறி77:
நக்கிள்ஸ் பக்கம் போகிறவனுக்கு ஹார்ட்வெயர் கடை நடை தூரத்தில் இல்லை.

பஞ்சிகாவத்தை நானா:
அப்படிப் போகிறவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தம்பி கேட்டது அவருடைய காணிக்கு. அதோடு நக்கிள்ஸ், சிங்கராஜ மாதிரி இடங்களில் மன்னாக் கத்திக்கே வேலை இல்லை. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இரண்டும் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளவை. ஒதுக்குக் காட்டில் செடி கொடி வெட்டுவது குற்றம். பாதை மூடிக் கிடக்கிறது என்று வெட்டிக்கொண்டு போவது படத்தில்தான். சிங்கராஜவில் அட்டைக்குப் பயந்து ஓரத்துச் செடியை வெட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், வயிறு எரியும். அந்த இடத்துக்குச் சின்னக் கத்தி மட்டும் கொண்டு போங்கள், அதுவும் பழம் வெட்ட.

தெமட்டகொட தாரணி:
பஸ்ஸில் கொண்டு போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பையிலிருந்து பிடி வெளியே தெரிகிற மாதிரி மன்னாக் கத்தியோடு பஸ்ஸில் ஏறாதீர்கள். உறையில் போட்டு, துணியால் சுற்றிக் கட்டி, பையின் அடியில், மண்வெட்டி, கயிறு மாதிரியான தோட்டச் சாமான்களோடு வையுங்கள். சோதனையில் கேட்டால் காணி வேலைக்குப் போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். சின்னக் கத்தியையும் இடுப்பில் தொங்க விடாதீர்கள். காணிக்குப் போன பிறகு எடுத்துக் கட்டினால் போதும். கொழும்புத் தெருவில் இடுப்பில் கத்தி தெரிந்தால் மற்றவர் பயப்படத்தான் செய்வார்கள், அந்தப் பயத்தில் தப்பில்லை.

கல்கிசைக்காற்று:
நன்றி அக்கா, அது முக்கியமான விஷயம். நாங்கள் வானில் போவது, ஆனாலும் சுற்றித்தான் வைப்போம். நானா, அப்போ எந்தக் கத்தி என்று பெயர் சொல்லுங்கள். சுவீடன் மோரா, பிரான்ஸ் ஓப்பினெல், சுவிஸ் விக்டோரினொக்ஸின் சின்னச் சமையல் கத்தி, மூன்றும் மனதில் இருக்கிறது.

பஞ்சிகாவத்தை நானா:
மூன்றும் நல்ல கத்தி. ஆனால் "மெல்லிய" என்பதில் மூன்றும் ஒன்றல்ல.

முதுகில் அளந்து பார்க்கும் தடிப்பு ஒரு கணக்கு. விளிம்புக்குச் சற்றுப் பின்னால் அலகு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. வெட்டு எப்படி இறங்கும் என்று தீர்மானிப்பது இந்த இரண்டாவதுதான். மோரா கொம்பேனியன் கத்தியின் துருப்பிடிக்காத அலகு முதுகில் 2.5 மில்லிமீற்றர். அந்தத் தடிப்பு அலகின் பாதிக்கு மேல் அப்படியே இறங்கி வந்து, கடைசியில் ஒரே சரிவாக விளிம்பைத் தொடும். மரம் சீவ இதைவிட நல்லது கிடைக்காது. அந்த அகலமான சரிவு மரத்தில் படிந்துகொண்டு, எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கைக்குச் சொல்லும். ஆனால் கரட்டுக்குள் இறக்கிப் பாருங்கள். பாதியில் "டக்" என்று கரட் பிளக்கும். அது வெட்டு இல்லை, ஆப்பு.

விக்டோரினொக்ஸ் சின்னக் கத்தி முதுகிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே ஒடுக்கமாக வருவது. முதுகே ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போகாது. கரட், மீன், மாங்காய், கோழித்தோல் எதிலும் தடங்கல் இல்லாமல் இறங்கும். காய்ந்த மரத்தில் அழுத்தினால் அலகு வளைந்து கொடுக்கும், அதுதான் குறை. பிடியில் விரலைத் தடுக்க முட்டும் இல்லை. மீன் சளி பட்ட கையோடு குத்தினால் விரல் முன்னுக்கு வழுக்கும்.

ஓப்பினெல் இரண்டுக்கும் நடுவில். 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்டிமீற்றர் நீளம், மெல்லியது, வெட்டு அருமை. 1890இலிருந்து செய்கிறார்கள், அலகைப் பூட்டும் வளையம் 1955இல் வந்தது.

கொட்டாஞ்சேனை மீன்காரன்:
ஓப்பினெல் எங்கள் காலநிலைக்குச் சரிவராது நானா. பீச் மரப் பிடி. ஈரம் குடித்தால் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மே, ஒக்டோபர் மழையில் விரலால் திறக்கவே முடியாது. மடிக்கிற இடத்துக்குள் மீன் இரத்தம் போனால் கழுவவும் முடியாது.

ஹட்டன்காரி:
என்னிடம் ஒன்று இருக்கிறது. பிடியின் கடைசியை ஒரு கட்டையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், அப்புறம் இழுக்கலாம். பிடியின் வெட்டுப் பள்ளத்துக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி ஊற விட்டுக் காய வைத்தால் பெருமளவு சரியாகிவிடும். ஆனால் மீன் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நான் அதைப் பழத்துக்கும் பாணுக்கும்தான் வைத்திருக்கிறேன்.

பஞ்சிகாவத்தை நானா:
ஆகவே தம்பி, நெருப்பும் மரவேலையும் அதிகம் என்றால் மோரா, சமையல் அதிகம் என்றால் விக்டோரினொக்ஸ். ஒன்றுதான் என்றால் நான் மோராவை எடுப்பேன், மழைக்காட்டில் நெருப்பு முதலில் வேண்டும். கைப்பிடி றப்பர் மாதிரி ஒட்டும், விரலுக்கு முட்டும் உண்டு.

கம்மாலையில் அடிப்பிக்கலாமா என்றும் யாராவது கேட்பீர்கள். இங்கே பஞ்சிகாவத்தையில் பழைய லொறி லீஃப் ஸ்பிரிங் எவ்வளவும் கிடைக்கும். மன்னாக் கத்திக்கு அதைவிட நல்ல இரும்பு தேட வேண்டாம். ஆனால் சின்னக் கத்தியை 2 மில்லிமீற்றருக்கு அடித்து இறக்கித் தரச் சொன்னால் பெரும்பாலான ஆசாரிமார் விரும்பமாட்டார்கள். காய்ச்சித் தோய்க்கும்போது மெல்லிய அலகு முறுகிவிடும், அதனால்தான் தடிப்பாகவே விடுகிறார்கள்.

சாமத்துக்கோழி:
நான் இடையில் புகுந்து ஒன்று சொல்லட்டுமா. பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று சேர்த்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் தனித்தனியே வந்திருக்கிறது. நேபாளத்தின் குக்ரி என்ற வளைந்த பெரிய கத்தியின் உறைக்குப் பின்பக்கத்தில் இரண்டு சின்னச் சாமான் செருகியிருக்கும். ஒன்று கர்தா என்ற சின்னக் கத்தி, மற்றது சக்மக், அது கூரில்லாதது, விளிம்பை நேராக்கவும் கல்லில் அடித்துப் பொறி எடுக்கவும். கர்நாடகத்துக் குடகில் முதுகுப்பக்கம் ஒடிக்கத்தி என்ற பெரியது, இடுப்பில் பீச்சக்கத்தி என்ற சின்னது. வடதுருவப் பக்கத்துச் சாமி மக்களும் பனிக்காட்டில் விறகு வெட்ட ஒரு பெரிய கத்தியும் மற்ற வேலைக்கு ஒரு சின்னதும் வைத்திருக்கிறார்கள். மலை, மழைக்காடு, பனி எல்லா இடத்திலும் வேலை செய்கிறவர்கள் இந்த ஏற்பாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

தெமட்டகொட தாரணி:
அருமையான தகவல். நன்றி.

கல்கிசைக்காற்று:
மோரா என்றால் துருப்பிடிக்காததா, கார்பனா? எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது.

கொட்டாஞ்சேனை மீன்காரன்:
துருப்பிடிக்காதது. யோசிக்கவே வேண்டாம். உப்புக்காற்று, மீன், தேசிக்காய், புளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் கார்பன் அலகுக்கு நிம்மதி கிடையாது.

பஞ்சிகாவத்தை நானா:
ஆமாம். கார்பனில் வெங்காயமும் தேசிக்காயும் பட்டு வரும் நீலச் சாம்பல் நிறம் கெடுதல் இல்லை, அது ஓரளவுக்குக் காக்கும். செந்துருதான் தின்னும். மன்னாக் கத்தி எப்படியும் கார்பன்தான், அதற்குக் கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் மெல்லப் பூசுங்கள். மறுபடி சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை. நுவரெலியாக் குளிரில் உறைந்துபோகும், கொழும்பில் அந்தக் கவலை இல்லை. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் தையல் மெஷின் எண்ணெய்.

தோல் உறைக்குள் வைத்து மறந்துவிடாதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும், மேலே பூஞ்சணம், உள்ளே துரு.

மலையேறி77:
தீட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். மெல்லிய கத்தி சீக்கிரம் பல்லுப் போகும் என்றுதான் எனக்குப் பயம்.

பஞ்சிகாவத்தை நானா:
எலும்பிலும் கணுவிலும் முறுக்கினால்தான் பல்லுப் போகும். நேராக இழுத்தால் போகாது. எலும்பு, கணு, தேங்காய் எல்லாம் மன்னாக் கத்தியிடம் கொடுங்கள். சின்னதைத் தடியால் அடிக்காதீர்கள், டின் மூடி கிளப்பாதீர்கள்.

இரண்டுக்கும் தீட்டும் சாமான் வேறு. மன்னாக் கத்தி, இரும்பின் கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் அளவில் 50 சொச்சம்தான், வேண்டுமென்றே மென்மையாக விட்டிருப்பார்கள், கல்லில் பட்டால் உடையாமல் மடங்குவதற்கு. அரம் 60க்கு மேல். ஆகவே அரம் அதை வெண்ணெய் போல் எடுக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பி இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல்லு போய்விடும். மோரா 56 முதல் 58 வரை வரும். அதற்கு அரம் வேண்டாம், கல் வேண்டும். 1000 இலக்கத் தண்ணீர்க் கல் வீட்டில், வெளியில் என்றால் கைக்கடக்கமான ஒன்று. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்கும், அதிலும் விளிம்பைத் தடவி எடுக்கலாம். மோராவின் சரிவு முழுவதையும் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமையும், புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய வசதி.

ஹட்டன்காரி:
பற்றை வெட்டும்போது ஒன்று, தம்பி. மூங்கிலையோ தடித்த செடியையோ சாய்வாக வெட்டிவிட்டு வந்தால் அடிக்கட்டை ஈட்டியாக நிற்கும். செருப்போடு வருகிறவர் பாதத்தில் நேரே ஏறும். நிலத்தோடு ஒட்டி, கிடையாக வெட்டுங்கள். சாய்வு வெட்டு தேயிலைக்குத்தான். பின்னால் நிற்கிறவர் இரண்டு கை நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும். தம்பிமார் கூட வருகிறார்கள் என்றதால் சொல்கிறேன்.

கல்கிசைக்காற்று:
கட்டாயம் அக்கா. சின்னவனுக்கு இன்னும் பெரிய கத்தி கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. மன்னாக் கத்திக்கு உறையே வரவில்லை, கடதாசி மட்டைதான். தோல் வேண்டாம் என்கிறீர்கள், அப்போ என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை மீன்காரன்:
பிவிசி குழாய். அலகின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக, மெல்லிய சுவர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அடுப்புச் சுவாலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, உருட்டி உருட்டிச் சூடாக்க வேண்டும். நெருப்பு தொடக் கூடாது. பிவிசி கருகினால் வரும் புகை நெஞ்சுக்குக் கூடாது, வெளி முற்றத்தில் செய்யுங்கள். துவண்டதும் உள்ளே அலகை, பழைய துணி ஒரு சுற்றுச் சுற்றி, வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் அமுக்கிப் பிடியுங்கள். ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். துணியை எடுத்துவிட்டால் கத்தி போய்வர இடம் இருக்கும். நுனிப்பக்கத்தில் ஒரு துளை போடுங்கள், மழைத்தண்ணீர் வடிய. இடுப்புக்கு வார் போட வேண்டாம், பையில் கட்டுகிற மாதிரி இரண்டு துளை போதும்.

கல்கிசைக்காற்று:
இதை இந்தக் கிழமையே செய்கிறேன் அண்ணா. அரமும் பழைய சோனகத் தெருவிலேயே எடுக்கலாமா?

பஞ்சிகாவத்தை நானா:
எடுக்கலாம். 8 அங்குலத் தட்டை அரம், ஒற்றை வரிப் பல்லு உள்ளது என்று கேளுங்கள். குறுக்கு வரி போட்டது கரடுமுரடாக எடுக்கும். மரப் பிடியையும் சேர்த்து வாங்குங்கள், பெரும்பாலும் தனியாகத்தான் விற்பார்கள். பிடி போடாத அரத்தின் வால் உள்ளங்கைக்குள் ஏறினால் கத்தி வெட்டைவிட மோசம்.